டூ ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் பைக்கின் எடை: விளம்பர எண்ணைப் படிப்பது முதல் தராசில் சரிபார்ப்பது வரை

மண் பாதைப் பந்தயத்துக்கான ஒரு 125 சிசி மோட்டோகிராஸ் பைக்கின் விவரத்தாளில் 95 கிலோ என்றும் இன்னொன்றில் 87.5 கிலோ என்றும் இருந்தால், இரண்டாவது ஏழரைக் கிலோ குறைவு என்றே புதியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு எண்களும் சரியாகவே இருக்கலாம். ஆனாலும் அந்த முடிவு தவறு. ஒன்று டேங்க் நிறைய பெட்ரோலுடன் சொல்லப்பட்ட எடை, மற்றது ஒரு சொட்டுக்கூட இல்லாமல் சொல்லப்பட்ட எடை.

எண்களை ஒரே அடிப்படைக்குக் கொண்டுவருவது எப்படி, பிறகு உங்கள் பைக்கை நீங்களே எடைபோட்டு அந்த எண்ணைச் சோதிப்பது எப்படி என்பதை வரிசையாகச் சொல்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். தராசைச் சோதிக்காமல் பைக்கை ஏற்றுவதும், பெட்ரோலை அளக்காமல் ஊற்றுவதும் அரைநாள் உழைப்பை வீணாக்கிவிடும்.

1. எண்ணுக்கு முன் அடிக்குறிப்பைப் படியுங்கள்

மோட்டோகிராஸ் பைக்குகளுக்கு மூன்று வகையான எடைகள் விளம்பரப்படுத்தப்படுகின்றன. முதலாவது முழு எடை. எண்ணெய், கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), டேங்க் நிறைய எரிபொருள் எல்லாம் சேர்ந்தது. யமஹாவும் ஹோண்டாவும் இப்படித்தான் சொல்கின்றன. இரண்டாவது எரிபொருள் இல்லாத எடை. மற்ற திரவங்கள் எல்லாம் இருக்கும், டேங்க் மட்டும் காலி. கேடிஎம் பல ஆண்டுகளாக இந்த முறையைப் பின்பற்றுகிறது. மூன்றாவது உலர் எடை. பெரும் குழப்பம் இதில்தான் பிறக்கிறது.

உலர் எடை என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே வரையறை கிடையாது. ஒருவர் பெட்ரோலை மட்டும் விட்டுவிடுவார். இன்னொருவர் கியர்பாக்ஸ் எண்ணெயையும் கூலன்ட்டையும் சேர்த்து விட்டுவிடுவார். பேட்டரி உள்ள பைக்கில் பேட்டரியையும் கழித்துச் சொல்பவர்கள் உண்டு. ஆகவே உலர் எடை என்ற சொல்லுக்கு அருகில் விளக்கம் இல்லையென்றால், அந்த எண்ணைத் துல்லியமானதாக வைத்துக்கொண்டு ஒப்பிடக் கூடாது.

மாடல் ஆண்டையும் பாருங்கள். கேடிஎம் 125 எஸ்எக்ஸ், 250 எஸ்எக்ஸ் இரண்டிலும் 2022 மாடல் வரை கிக் ஸ்டார்ட்டும் கார்புரேட்டரும் இருந்தன. 2023 மாடலில் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டும் எரிபொருள் இன்ஜெக்ஷனும் வந்தன. கிக் லீவர் போனது. ஸ்டார்ட்டர் மோட்டார், பேட்டரி, எரிபொருள் பம்ப் ஆகியவை சேர்ந்தன. பெயர் அதேதான், பைக் வேறு. பழைய மாடலின் எடையைப் புதிய மாடலுக்குப் பொருத்திப் பேசுவது நான் அடிக்கடி காணும் தவறு.

டூ ஸ்ட்ரோக்குக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. மோட்டோகிராஸ் மாடல்களில் என்ஜினுக்கான எண்ணெய் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றப்படுகிறது. தனி எண்ணெய்த் தொட்டி இல்லை. அதனால் எரிபொருள் இல்லாத எடையில் சேரும் எண்ணெய் கியர்பாக்ஸில் உள்ளது மட்டுமே. காட்டுப் பாதைகளில் நெடுந்தூரம் ஓட்டுவதற்கான எண்டியூரோ மாடல்கள் சிலவற்றில் தனி எண்ணெய்த் தொட்டி, விளக்குகள், பக்கவாட்டு ஸ்டாண்ட் எல்லாம் உண்டு. ஒரே என்ஜின் என்பதற்காக எண்டியூரோவின் எடையையும் மோட்டோகிராஸின் எடையையும் அருகருகே வைக்காதீர்கள்.

2. காகிதத்திலேயே ஒரே அடிப்படைக்குக் கொண்டுவாருங்கள்

எந்த அடிப்படை? எரிபொருள் இல்லாமல், மற்ற எல்லாத் திரவங்களுடனும் உள்ள எடை என்பதே என் பரிந்துரை. டேங்க் அளவு பைக்குக்குப் பைக் மாறும். பெரிய டேங்க் உள்ள பைக் முழு எடையில் தண்டிக்கப்படும். அது பைக்கின் குறை அல்ல. உலர் எடையை அடிப்படையாக்கினால் நீங்கள் கூலன்ட்டையும் எண்ணெயையும் வடித்துத்தான் சரிபார்க்க முடியும். அது வீண் வேலை.

முழு எடையிலிருந்து இந்த அடிப்படைக்கு வர, டேங்கின் லிட்டரை 0.745-ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஐரோப்பியத் தரத்தில் பெட்ரோலின் அடர்த்தி 15 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்கு 0.720 முதல் 0.775 கிலோ வரை இருக்கலாம். 0.745 அதன் நடுப்பகுதி. பெட்ரோலில் கலக்கும் எண்ணெய் இதைச் சற்றே உயர்த்தும். இந்தக் கணக்குக்கு அது பொருட்டல்ல.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2022 யமஹா ஒய்இசட்125-இன் முழு எடை 95 கிலோ, டேங்க் 7 லிட்டர். 7 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 5.2 கிலோ. கழித்தால் 89.8 கிலோ. 2019 கேடிஎம் 125 எஸ்எக்ஸுக்கு எரிபொருள் இல்லாமல் அறிவிக்கப்பட்ட எடை 87.5 கிலோ. காகிதத்தில் தெரிந்த ஏழரைக் கிலோ வித்தியாசம் 2.3 கிலோவாகச் சுருங்கிவிட்டது.

250-இலும் இதே கதைதான். ஒய்இசட்250-இன் முழு எடை 103 கிலோ, டேங்க் அதே 7 லிட்டர். எரிபொருளைக் கழித்தால் 97.8. 2019 கேடிஎம் 250 எஸ்எக்ஸ் எரிபொருள் இல்லாமல் 95.4. வித்தியாசம் 2.4 கிலோ. இது உண்மையான வித்தியாசம், அலட்சியப்படுத்த வேண்டாம். ஆனால் 7.6 கிலோ என்று நம்பி ஒரு பைக்கை ஒதுக்கியவருக்கும், 2.4 கிலோ என்று அறிந்து தேர்ந்தெடுத்தவருக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது.

உலர் எடையிலிருந்து வருவதென்றால் சேர்க்க வேண்டும். 125 முதல் 250 சிசி வரையான டூ ஸ்ட்ரோக்கில் கியர்பாக்ஸ் எண்ணெய் முக்கால் லிட்டர் அளவில் இருக்கும். எடை 600 முதல் 700 கிராம். கூலன்ட் ஏறத்தாழ ஒரு லிட்டர். பாதிக்குப் பாதி கிளைகாலும் தண்ணீரும் கலந்த திரவம் தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது, லிட்டருக்கு 1.07 கிலோ அளவில் வரும். இரண்டும் சேர்ந்து இரண்டு கிலோவுக்குள் அடங்கும். பைக்கின் கையேட்டில் உள்ள சரியான அளவுகளை எடுத்துப் போடுங்கள். விற்பவர் உலர் எடையாக எதைக் கழித்தார் என்பது தெரியாதபோது, வரும் விடையைச் சுற்றி இரண்டு கிலோ சந்தேகம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படியில் மூன்று இடறல்களைத் தொடர்ந்து பார்க்கிறேன்.

அமெரிக்க விவரத்தாளில் டேங்க் கேலனில் இருக்கும். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். நம்மில் பலர் பள்ளியில் படித்த கேலன் பிரிட்டிஷ் கேலன், 4.546 லிட்டர். மாற்றிப் போட்டால் ஒரு கிலோ பிழை அங்கேயே நுழைந்துவிடும்.

பவுண்டைக் கிலோவாக மாற்ற 2.2-ஆல் வகுப்பவர்கள், 0.4536-ஆல் பெருக்கட்டும். 227 பவுண்டை 2.2-ஆல் வகுத்தால் 103.2 வரும், சரியான விடை 102.97. சிறியதுதான், ஆனால் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்.

மூன்றாவது, எல்லா பைக்குக்கும் ஐந்து கிலோ கழிப்பது. கேடிஎம் 2024 நவம்பரில் இந்தியாவில் 50, 65, 85 எஸ்எக்ஸ் டூ ஸ்ட்ரோக்குகளை அறிமுகப்படுத்திய பிறகு, பிள்ளைகளுக்காக எடை விசாரிக்கும் பெற்றோர் கூடியிருக்கிறார்கள். இந்தச் சிறு பைக்குகளின் டேங்க் சிறியது. அந்த பைக்கின் லிட்டரை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். சிறுவர் பைக்கில் ஒரு கிலோ பிழை என்பது 250-இல் வரும் ஒரு கிலோவைவிடப் பெரிய பங்கு.

3. தராசுக்குப் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை

தராசுதான் முதல் தேவை. 150 கிலோவுக்கு மேல் தாங்கும், 50 அல்லது 100 கிராம் படியில் காட்டும் பிளாட்ஃபார்ம் தராசு சிறந்தது. மளிகை மொத்தக் கடைகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் இருப்பது இதுதான். கேட்டால் அரைமணி நேரம் தருவார்கள். அது கிடைக்காவிட்டால் ஆள் எடை பார்க்கும் டிஜிட்டல் தராசு இரண்டு. இரண்டும் ஒரே மாடலாக இருந்தால் நல்லது. ஒன்றுதான் உண்டு என்றாலும் வழி இருக்கிறது.

லாரி எடைமேடைக்குப் பைக்கை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். அவை பத்து, இருபது கிலோ படிகளில் காட்டுபவை. இரண்டு கிலோ வித்தியாசத்தைத் தேடும் உங்களுக்கு அந்த ரசீதால் பயனில்லை.

பைக்கின் அடிச்சட்டத்தைத் தாங்கும் மோட்டோகிராஸ் ஸ்டாண்ட், கனமான பிளைவுட் துண்டுகள் இரண்டு, ரசமட்டம், லிட்டர் அளவு பொறித்த குவளை, மூடியுள்ள பெட்ரோல் கேன், எழுத ஒரு நோட்டு. உதவிக்கு ஓர் ஆள் கட்டாயம். தனியாகப் பிடித்துக்கொண்டு எண்ணைப் படிக்க முயல்பவரின் கை, தெரியாமலேயே ஹேண்டில்பாரை அழுத்தும் அல்லது தூக்கும்.

4. தராசைச் சோதியுங்கள்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இதைவிட மலிவான படிக்கல் கிடையாது. காலிக் கேனை எடைபோடுங்கள். அளந்து 20 லிட்டர் ஊற்றி மீண்டும் எடைபோடுங்கள். வித்தியாசம் 20 கிலோவாக இருக்க வேண்டும். இன்னொரு கேனைச் சேர்த்து 40-லும் பாருங்கள். ஒரு 125-இன் ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் 45 கிலோ அளவில் சுமை விழும் என்பதால், தராசு அந்தப் பகுதியில் சரியாக இருக்கிறதா என்பதே முக்கியம். 5 கிலோவில் சரியாகக் காட்டுவது போதாது.

அதே கேனைத் தராசின் நான்கு மூலைகளிலும் மாற்றி வைத்துப் பாருங்கள். மூலைக்கு மூலை எண் மாறினால், பைக்கை நடுவில் வைப்பதில் மிகுந்த கவனம் வேண்டும் என்று பொருள்.

ஆள் எடை பார்க்கும் தராசுகளில் ஒளிந்திருக்கும் ஒரு குணத்தையும் சொல்ல வேண்டும். பல மாடல்கள் முந்தைய எடையை நினைவில் வைத்துக்கொண்டு, புதிய எடை அதற்கு மிக அருகில் இருந்தால் பழைய எண்ணையே மீண்டும் காட்டும். மூன்று முறை போட்டேன், மூன்றும் ஒன்றே என்று மகிழ்ந்தவர்கள் பலர் இதில் ஏமாந்திருக்கிறார்கள். கண்டுபிடிக்க எளிய வழி: 40 லிட்டர் தண்ணீரை வைத்து எண்ணைக் குறியுங்கள், இறக்குங்கள், கால் லிட்டர் சேர்த்து மீண்டும் வையுங்கள். எண் மாறாவிட்டால் உங்கள் தராசுக்கு அந்தக் குணம் உண்டு. அப்படியானால் ஒவ்வொரு அளவீட்டுக்கும் இடையில் ஒருவர் ஏறி இறங்கி, அந்த நினைவை அழிக்க வேண்டும்.

தரை கெட்டியாக, மட்டமாக இருக்கட்டும். மண் தரையிலோ விரிப்பின் மேலோ வைத்த தராசு சொல்லும் எதையும் நம்ப வேண்டாம்.

5. பைக்கைக் கழுவி, காயவிட்டு, உள்ளதைக் கணக்கெடுங்கள்

மண் எடையில்லாதது போலத் தோன்றும். மட்கார்டின் அடியிலும், அடிச்சட்டத்தின் இடுக்கிலும், என்ஜின் பாதுகாப்புத் தகட்டுக்குள்ளும் அடைந்திருக்கும் ஈரமண்ணைக் கூட்டினால் கிலோக்கணக்கில் வரும். பாதுகாப்புத் தகட்டைக் கழற்றித்தான் கழுவ வேண்டும்.

கழுவிய கையோடு எடைபோடுவது அடுத்த தவறு. இருக்கையின் நுரை தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். உறையில் கிழிசல் இருந்தால் இன்னும் மோசம். காற்று வடிகட்டியும் அப்படித்தான். ஒரு நாள் வெயிலில் காயட்டும்.

பிறகு பைக்கில் தொழிற்சாலையிலிருந்து வராத பொருள்களின் பட்டியலை எழுதுங்கள். கைக்காப்பு, பாதுகாப்புத் தகடு, தடித்த டியூப், டியூபுக்குப் பதிலாகப் போட்ட நுரைவளையம், பெரிய பின் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பற்சக்கரம்), வேறு சைலன்சர். தடித்த டியூப் மட்டுமே சாதாரண டியூபைவிட வெகுவாகக் கனமானது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பழைய பைக் வாங்கும்போது டயருக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

டூ ஸ்ட்ரோக்கில் இன்னொரு மறைவிடம் சைலன்சர். எரியாமல் வெளியேறும் எண்ணெய் அதன் உள்ளிருக்கும் பஞ்சில் ஊறிக்கொண்டே இருக்கும். நாள்பட்ட பஞ்சு புதியதைவிடக் கனமாக இருக்கும். அது பைக்கின் பின்கோடியில், உயரத்தில் தொங்கும் எடை. எடை கூடுதலாக வந்தால் இங்கே திரும்பி வருவோம்.

கூலன்ட், கியர்பாக்ஸ் எண்ணெய் இரண்டும் சரியான அளவில் உள்ளனவா என்று இப்போதே பாருங்கள். குறைந்திருந்தால் நிரப்புங்கள். நமது அடிப்படை இந்தத் திரவங்கள் முழுமையாக இருப்பதாகக் கொள்கிறது.

6. பெட்ரோலை இறக்குங்கள்

முதலில் காலி டேங்கோடு எடை, பிறகு நிரப்பி எடை. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. நிறைந்த டேங்கிலிருந்து வடிக்கும்போது எவ்வளவு வெளியே வந்தது, எவ்வளவு உள்ளே தங்கியது, எவ்வளவு சிந்தியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. காலியிலிருந்து அளந்து ஊற்றும்போது ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கு இருக்கும். எட்டாவது படியில் வரும் சோதனை இந்த வரிசையை நம்பித்தான் நிற்கிறது.

என்ஜின் ஆறியிருக்க வேண்டும். திறந்த வெளியில் செய்யுங்கள். அருகில் புகைப்பவரோ, வெல்டிங் வேலையோ, அடுப்போ இருக்கக் கூடாது. பெட்ரோல் ஆவி தரையோடு ஊர்ந்து வெகுதூரம் போகும். வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் கதவை மூடிக்கொண்டு இதைச் செய்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

கார்புரேட்டர் பைக்கில் வால்வை மூடி, குழாயைக் கழற்றி, கேனுக்குள் விட்டு வால்வைத் திறங்கள். இன்ஜெக்ஷன் பைக்கில் பம்ப் டேங்குக்குள் இருக்கிறது. குழாயில் அழுத்தம் இருக்கலாம். அதைப் பிடுங்காமல், மூடி வழியாகக் கைப்பம்பால் இழுத்தெடுப்பது பாதுகாப்பானது. கடைசியில் பைக்கை இருபுறமும் சாய்த்து, மடிப்புகளில் தங்கியதையும் எடுங்கள். சிறிது தங்கத்தான் செய்யும். கால் லிட்டர் தங்கினால் 200 கிராமுக்கும் குறைவு. அதற்காக டேங்கையே கழற்ற வேண்டியதில்லை.

கேனை மூடித் தள்ளி வைத்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

7. எடைபோடுங்கள்

மூன்று வழிகளைச் சொல்கிறேன். மேலே உள்ளது கீழே உள்ளதைவிட நம்பகமானது.

முதல் வழி, ஸ்டாண்டோடு. பிளாட்ஃபார்ம் தராசின் நடுவில் மோட்டோகிராஸ் ஸ்டாண்டை வைத்து, தராசைப் பூஜ்யமாக்குங்கள். இருவர் சேர்ந்து பைக்கைத் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். சக்கரங்கள் இரண்டும் காற்றில், தரையையோ தராசின் விளிம்பையோ தொடாமல் இருக்க வேண்டும். முன்சக்கரமோ பின்சக்கரமோ கீழே சாய்ந்து தொட்டால், சட்டத்தைச் சற்று முன்னோ பின்னோ நகர்த்திச் சமநிலை காணுங்கள். பைக் தானே நின்றதும் கையை எடுத்துவிட்டு எண்ணைப் படியுங்கள். ஆள் கை படாத ஒரே வழி இதுதான். பைக் முழுவதும் ஒரே தராசில் நிற்பதால் மட்டப் பிழையும் வராது. உதவியாளர் தொடாமல், ஆனால் பிடிக்கத் தயாராக, பக்கத்தில் நிற்கட்டும்.

இரண்டாவது வழி, சக்கரத்துக்கு ஒரு தராசு. இரண்டு தராசுகளும் ஒரே உயரமா என்று ரசமட்டத்தால் பாருங்கள். தராசின் மேல் பிளைவுட் துண்டு வையுங்கள். கண்ணாடித் தளத்தில் டயரின் ஒரு முனை மட்டும் அழுத்தினால் உடையலாம், எண்ணும் தவறும். பிளைவுட்டின் எடையைத் தனியே அறிந்து கழியுங்கள். பலகை மட்டும் வைத்தால் ஆள் எடைத் தராசு விழித்துக்கொள்ளாமல் இருக்கக்கூடும்; பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் ஏறி, பிறகு பலகை இல்லாமல் ஏறினால் வித்தியாசம் கிடைத்துவிடும். பைக்கை ஏற்றி, நேராக நிறுத்தி, இரண்டு எண்களையும் ஒரே நேரத்தில் படித்துக் கூட்டுங்கள்.

மூன்றாவது வழி, ஒரே தராசு. முன்சக்கரம் தராசில் இருக்கும்போது பின்சக்கரம் தராசின் அதே உயரமுள்ள கட்டையின் மேல் இருக்க வேண்டும். பிறகு இடம் மாற்றிப் பின்சக்கரத்தை எடைபோட்டுக் கூட்டுங்கள். இந்தக் கட்டையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ஒரு சக்கரம் தராசிலும் மற்றது தரையிலுமாக வைத்துவிடுகிறார்கள்.

அதன் விளைவைச் சற்று விளக்க வேண்டும். பைக்கின் எடைமையம் சக்கர அச்சுகளைவிட உயரத்தில் இருக்கிறது. முன்சக்கரத்தை உயர்த்தினால் எடைமையம் சற்றுப் பின்னால் சாய்ந்து, பின்சக்கரம் கூடுதலாகச் சுமக்கும். முன்சக்கரத்தின் எண் குறையும். அடுத்து பின்சக்கரத்தை உயர்த்தும்போது எடை முன்னால் சாயும். இப்போது பின்சக்கரத்தின் எண் குறையும். இரண்டு முறையும் குறையும் பக்கத்தையே நீங்கள் படிக்கிறீர்கள். பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டுவதில்லை, இரட்டிக்கின்றன. 5 சென்டிமீட்டர் உயரத் தராசில், 95 கிலோ பைக்கில், மொத்தம் ஏறத்தாழ ஒரு கிலோ காணாமல் போகும். என் பைக் விளம்பர எண்ணைவிட லேசு என்று பெருமையாகச் சொல்பவரிடம், மற்றச் சக்கரம் எதன்மேல் இருந்தது என்று நான் முதலில் கேட்பது இதனால்தான்.

இரண்டாம், மூன்றாம் வழிகளில் பைக்கைப் பிடிப்பதும் ஒரு கலை. இருவர் இருபுறமும் நின்று, ஹேண்டில்பாரின் முனைகளை விரல் நுனியால் பக்கவாட்டில் மட்டும் தாங்க வேண்டும். இருக்கையைப் பிடிக்கக் கூடாது, கீழே அழுத்தக் கூடாது. பட்டை போட்டுக் கீழ்நோக்கிக் கட்டுவது அறவே கூடாது. பட்டையின் இழுவை முழுவதும் எடையாகப் பதிவாகும். பிடிப்பவரின் கால் பலகையின் ஓரத்தில் இல்லையென்று குனிந்து பாருங்கள். சிரிப்பாகத் தோன்றினாலும் இதை மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறேன்.

எந்த வழியானாலும் பைக்கை முழுவதுமாக இறக்கி மீண்டும் ஏற்றி, மூன்று முறை செய்யுங்கள். மூன்று விடைகளும் 300 கிராமுக்குள் நின்றால் நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் சிதறினால் சராசரி எடுத்துத் தப்பிக்க வேண்டாம். தரையோ, பிடியோ, தராசின் மூலையோ எங்கோ தவறு இருக்கிறது.

8. அளந்து நிரப்பி, மீண்டும் எடைபோடுங்கள்

இப்போது பெட்ரோலைக் குவளையால் அளந்து ஊற்றுங்கள். எத்தனை லிட்டரில் டேங்க் நிறைகிறது என்று குறியுங்கள். விவரத்தாளின் எண்ணோடு அது சற்று வேறுபடுவது இயல்பு. மூடியை மூடி, முன்பு பயன்படுத்திய அதே வழியில் மூன்று முறை எடைபோடுங்கள்.

முழு எடையிலிருந்து காலி எடையைக் கழித்து, வருவதை ஊற்றிய லிட்டரால் வகுத்துப் பாருங்கள். அது பெட்ரோலின் அடர்த்தியாக இருந்தாக வேண்டும். 0.72 முதல் 0.77 வரை என்றால் உங்கள் வேலை சரி. நம் ஊர் வெயிலில் பெட்ரோல் விரிவதால் 0.71 வந்தாலும் ஏற்கலாம். 6.8 லிட்டருக்கு 5.0 கிலோ கூடியிருந்தால் 0.735, நல்ல அளவீடு. அதே 6.8 லிட்டருக்கு 5.9 கிலோ கூடியிருந்தால் 0.87, அப்படி ஒரு பெட்ரோல் கிடையாது. எங்கோ 800, 900 கிராம் பிழை புகுந்திருக்கிறது. ஏழாவது படிக்குத் திரும்புங்கள்.

இந்தச் சோதனைக்கு நான் பெரிய மதிப்பு தருகிறேன். தராசைத் தண்ணீரால் சோதித்தோம். ஆனால் பைக்கைப் பிடித்த கை, நிறுத்திய விதம், படித்த கண் இவற்றைச் சோதிக்க வேறு வழி இல்லை. எடை தெரிந்த ஒரு பொருளைப் பைக்குக்குள்ளேயே வைத்து எடைபோடுவது போன்றது இது. ஒன்று மட்டும் இதில் பிடிபடாது: காலிக்கும் நிறைவுக்கும் ஒரே அளவில் நடந்த பிழை. தரையில் விட்ட சக்கரம் அப்படிப்பட்டது. அதனால்தான் மட்டத்தை முன்னதாகவே உறுதி செய்யச் சொன்னேன்.

9. விளம்பர எண்ணோடு ஒத்துவராவிட்டால்

உங்கள் காலி எடையை இரண்டாவது படியில் கணக்கிட்ட எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரு கிலோவுக்குள் இருந்தால் விளம்பரம் நேர்மையானது. தயாரிப்பில் பைக்குக்குப் பைக் சிறு மாறுபாடு உண்டு, டயர் தேய்ந்திருக்கும், விவரத்தாளில் முழு எண்ணாக்கியிருப்பார்கள்.

கூடுதலாக இருந்தால் ஐந்தாம் படியில் எழுதிய பட்டியலை எடுங்கள். கழற்றக்கூடியதைக் கழற்றி, சிறு தராசில் தனியே எடைபோட்டு, மொத்தத்தில் கழியுங்கள். கைக்காப்பும் தகடும் போன பிறகும் இரண்டு கிலோ மிச்சம் இருந்தால் சக்கரங்களுக்குப் போங்கள். முன், பின் எண்கள் தனித்தனியாக உங்களிடம் இருந்தால் தேடல் எளிது: மிகுதி பின்னால் மட்டும் என்றால் பின் டியூப், ஸ்பிராக்கெட், சைலன்சர் பஞ்சு என்று வரிசையாகப் பாருங்கள். பஞ்சை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் சைலன்சரை மட்டும் எடைபோட்டால் எண்ணெய் எவ்வளவு ஊறியிருந்தது என்று தெரிந்துவிடும்.

கழிக்க எதுவும் இல்லாமல், பைக் தொழிற்சாலை நிலையிலேயே இருந்து, அளவீடும் அடர்த்திச் சோதனையில் தேறி, இன்னும் ஒன்றிரண்டு கிலோ கூடுதலாக இருந்தால், அறிவிக்கப்பட்டது உலர் எடையா என்று மீண்டும் பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கே இருக்கும்.

குறைவாக வந்தால் மகிழ்வதற்கு முன் மட்டத்தையும் கூலன்ட்டையும் பாருங்கள். டைட்டானியம் பாகங்கள் போடாத பைக் அறிவித்த எடையைவிட இரண்டு கிலோ குறைவாக இருக்கக் காரணமில்லை.

போட்டிக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல போட்டிகளில் குறைந்தபட்ச எடை விதி உண்டு. ஸ்டேடியத்துக்குள் நடக்கும் அமெரிக்க சூப்பர்கிராஸில் 450 சிசி வகுப்புக்கு 220 பவுண்டு, அதாவது 99.8 கிலோ. உங்கள் போட்டியின் விதிப்புத்தகத்தில் எடையின் எண்ணை மட்டும் பார்க்காமல், எரிபொருளுடனா இல்லாமலா, ஓட்டத்துக்கு முன்னா பின்னா என்பதையும் தேடிப் படியுங்கள். காலி, நிறைவு என்று இரண்டு எடைகளும் கையில் இருப்பதால் எந்த விதிக்கும் பதில் சொல்ல முடியும்.

ஃபோர் ஸ்ட்ரோக்கோடு ஒப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. தராசில் ஒரே எடை காட்டினாலும் டூ ஸ்ட்ரோக் கையில் லேசாகத் தோன்றும். வால்வுகளும் கேம் ஷாஃப்டும் என்ஜினின் தலைப்பகுதியில் இல்லை, ஆக்சிலரேட்டரை விட்டதும் என்ஜின் இழுத்துப் பிடிப்பதும் குறைவு. இந்த உணர்வு உண்மையானது. ஆனால் அதைக் கிலோவாக மாற்றிப் பேசுவது சரியல்ல. தராசு அளப்பது ஒன்று, கை உணர்வது வேறொன்று.

10. எழுதி வையுங்கள்

பைக்கின் பெயர், மாடல் ஆண்டு, தேதி, எந்த வழியில் எடைபோட்டீர்கள், காலி எடை, ஊற்றிய லிட்டர், முழு எடை, முன்பின் எண்கள், பைக்கில் அன்று இருந்த கூடுதல் பொருள்கள். எண்ணை மட்டும் எழுதி அடிப்படையை எழுதாமல் விட்டால், ஆறு மாதம் கழித்து அந்த 92.4 கிலோ காலி எடையா நிறைந்த எடையா என்று உங்களுக்கே தெரியாது.

பிறகு ஏதாவது மாற்றினால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கழற்றிய பாகத்தையும் போட்ட பாகத்தையும் சமையலறைத் தராசில் எடைபோட்டு, வித்தியாசத்தை அதே பக்கத்தில் குறியுங்கள். 200 கிராம் வித்தியாசத்தைக் காண முழு பைக்கையும் மீண்டும் ஏற்ற வேண்டாம். ஏழாம் படியில் நாம் ஏற்றுக்கொண்ட 300 கிராம் சிதறலுக்குள் அது காணாமல் போய்விடும்.